பேரப்பிள்ளைகளின் நன்றியுணர்வு குறித்து மகனுக்கு

கோத்தகிரி

அன்புள்ள மகனுக்கு,

எதை வாங்கிக் கொடுத்தாலும் தங்களுக்குச் சேரவேண்டியதுதான் என்பதுபோலப் பிள்ளைகள் பெற்றுக்கொள்கிறார்கள் என்று நீ வருந்தி எழுதியிருந்தாய். அதை அவர்களுடைய குணக்கேடாக எண்ணிவிடாதே. குழாயைத் திறந்தால் சுடுநீர் வருவதையும், கேட்ட பொருள் மறுநாளே வாசலுக்கு வந்துசேர்வதையும் மட்டும் கண்டு வளரும் பிள்ளைக்கு, அவற்றின் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடாது.

ஏழைப் பிள்ளைகள் வாழும் இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பிறருடைய இல்லாமையை வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு 'நல்லவேளை, நாம் அப்படிப் பிறக்கவில்லை' என்ற நிம்மதிதான் வரும். நாளடைவில் அது இளக்காரமாக மாறிவிடும். வேடிக்கைப் பொருளாக நிற்க நேரும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதையும் எண்ணிப் பார்.

நம் செல்வம் யாரால் வந்தது என்பதை அவர்களுக்குச் சொல். 1964ஆம் ஆண்டில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்தன. நம் தேயிலைத் தோட்டத்தில் இன்று கொழுந்தெடுப்பவர்களில் பலர் அவர்களுடைய மக்களும் பேரமக்களும்தாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆடி மழையில், இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, காலில் ஏறும் அட்டைகளைத் தட்டிவிட்டபடியே அவர்கள் பறித்த அந்தக் கொழுந்துதான் உன் கல்லூரிக் கட்டணமாயிற்று.

சென்ற விடுமுறையில் உன் மகள் தானும் பறிப்பேன் என்று அடம்பிடித்துத் தோட்டத்தில் இறங்கினாள். அவள் பறித்ததில் பாதி முற்றிய இலை. பக்கத்து நிரையில் நின்ற பெண் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எங்கே கிள்ளவேண்டும் என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினாள். அன்றிரவு, "அந்த அக்காவுக்கு விரல் வலிக்காதா, பாட்டி? அவங்க பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்கிறா?" என்று உன் மகள் என்னிடம் கேட்டாள். அப்படிக் கேட்கும்படி நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டில் "தேங்க்ஸ் சொல்லு" என்று அதட்டுவதால் பயனில்லை. சமையல் செய்பவரையும் கார் ஓட்டுபவரையும் நீயும் மருமகளும் எந்தத் தொனியில் அழைக்கிறீர்களோ, அந்தத் தொனிதான் பிள்ளைகளின் வாயிலும் வரும். வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டுச் சம்பளத்தை இழுத்தடிக்கும் வீட்டில் பிள்ளைகள் பாசாங்கைத்தான் கற்பார்கள். அதேபோல, 'உனக்காக இவ்வளவு செலவழித்தேன்' என்று அவர்களிடம் கணக்கும் காட்டாதே; பெற்றோரின் அன்பு கடனாகத் தோன்றிவிட்டால், பிள்ளை அதைத் தீர்த்துவிட்டு விலகத்தான் வழி பார்க்கும்.

கேட்டதைக் கேட்டவுடன் வாங்கித் தராமல் பிறந்தநாள் வரையிலாவது காத்திருக்கப் பழக்கு. உண்ட தட்டை அவர்களே கழுவட்டும்.

வரும் மே மாதம் முழுவதும் இருவரையும் என்னிடம் அனுப்பிவை. காலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறேன். எடை எழுதும் வேலையைப் பெரியவனுக்குக் கொடுக்கலாம். கம்பளிச் சட்டைகளை நீ அடுக்கித் தராதே, அவர்களே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா