சோயா பால் கஞ்சாவுக்கு முறிவு மருந்தல்ல: உடல்நலச் செய்தி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

உடல்நலப் பக்க ஆசிரியர்களுக்கும் காணொளி தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

‘கஞ்சாவால் வரும் மாரடைப்பை சோயா தடுக்கும்’ என்று தலைப்பு வைப்பது எளிது. அதற்கு மூலம், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 2022இல் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஆய்வில் குறையில்லை, தலைப்பில்தான் கோளாறு.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி, ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் இருக்கும் சிபி1 என்ற ஏற்பியில் (சாவிக்குப் பூட்டு போல, வரும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டி அழற்சியைக் கிளப்புகிறது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டைன் என்ற பொருள் அதே ஏற்பியில் போய் அமர்ந்து டிஎச்சிக்கு இடம் விடாமல் செய்கிறது. இப்படி அடைக்கும் மருந்து முன்பே வந்ததுண்டு. உடல் எடையைக் குறைக்க 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபான்ட் மூளைக்குள்ளும் புகுந்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கியதால் 2008இல் விற்பனை நின்றது. ஜெனிஸ்டைன் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு அதன் மேல் கண் விழுந்ததே அதனால்தான். ஆனால் அது ரத்தக்குழாயைக் காப்பாற்றியது எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களிலும். கஞ்சா பிடிப்பவர்களுக்கு சோயா கொடுத்து மாரடைப்பு குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

இனி தட்டுக்கு வருவோம். சோயாவில் ஜெனிஸ்டைன் பெரும்பாலும் தனியாக இல்லை, சர்க்கரையோடு பிணைந்திருக்கிறது. குடலில் அந்தப் பிணைப்பு அறுபட வேண்டும். அறுபட்டதையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறொரு மூலக்கூறோடு கோத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. கட்டற்ற நிலையில் ரத்தத்தில் சுற்றுவது சிறு பங்கு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். சோயா எண்ணெயில் இந்தப் பொருள் இல்லை என்றே சொல்லலாம். ஆல்கஹாலில் அலசித் தயாரிக்கும் சோயா புரதத்தில் பெரும்பகுதி போய்விடும். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிகிறோமே, அந்தத் தண்ணீரோடும் கொஞ்சம் போகும். ஆகவே ‘தினம் ஒரு டம்ளர் சோயா பால்’ என்று நீங்கள் எழுதினால் அது நீங்களே போட்ட கணக்கு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் மாத்திரையோடு சோயா குடித்தால் மருந்து சரியாக உடலில் சேராது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் திடீரென சோயாவைக் கூட்டினால் அந்த மருந்தின் திறன் குறையக்கூடும். இந்த இரண்டு வரியையாவது சேர்த்து எழுதுங்கள்.

ஆபத்தைச் சொல்லும் எண்களிலும் கவனம் வேண்டும். 2024இல் வெளியான ஆய்வு அமெரிக்காவில் சுமார் 4,34,000 பேரிடம் கேட்டறிந்த தகவல். தினமும் கஞ்சா பயன்படுத்துவோரிடம், பயன்படுத்தாதவர்களைவிட மாரடைப்பு 25 சதவீதமும் பக்கவாதம் 42 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. அவர்களே சொன்ன பதில்கள் என்பதால் இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ‘பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு ஆபத்து 4.8 மடங்கு’ என்பது 2001ஆம் ஆண்டுக் கணக்கு. மாரடைப்பு வந்த 3,882 பேரில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிடித்திருந்தவர்கள் 9 பேர்தான். மடங்கை அச்சிட்டால் ஒன்பதையும் அச்சிடுங்கள். புகைத்ததும் நாடித்துடிப்பு எகிறுகிறது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு இம்மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் போதாதா?

சோயாவுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை அறிகுறிகளுக்குக் கொடுக்கலாம். நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறல், இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி: எது வந்தாலும் தமிழ்நாட்டில் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான காலவரம்பு நாலரை மணி நேரம். பக்கவாத அறிகுறி என்றால் ஸ்கேன் எடுக்கும் முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது, ரத்தக்கசிவாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கும். போலீஸ் பயத்தில் நோயாளியும் வீட்டாரும் கஞ்சாவை மறைப்பார்கள். மருத்துவரிடம் எப்போது, எவ்வளவு, புகையா உணவா என்று சொல்லச் சொல்லி எழுதுங்கள். இருபத்தைந்து வயதில் நெஞ்சுவலி என்று வருபவரை ‘வாயுத் தொல்லை’ என்று திருப்பி அனுப்பாமலிருக்க அந்த ஒரு தகவல் உதவும்.