சூடு கூரையில், ஈரம் தட்டில்: நீங்கள் விற்ற அடுப்பைப் பற்றிய புகார்

அனுப்புநர்:
வடகம், மோர் மிளகாய் தயாரிப்பாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உலர்த்தும் அறையில் நீங்கள் பொருத்திய, அறையைச் சூடாக்கும் கேஸ் அடுப்பு, சொன்ன வேலையைச் செய்யாதது; அறையை அடைக்கச் சொன்ன ஆபத்தான ஆலோசனை; பணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் விற்பனையாளர் என் இடத்துக்கு வந்து தமிழில் பேசித்தான் இந்த அடுப்பை விற்றார். "அக்கா, ஒரு மூலையில வெச்சா போதும், ரூம் முழுக்க ஒரே சூடா இருக்கும்" என்றார். அந்தப் பேச்சை நம்பி ஆகஸ்ட் மாதம் 8,400 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். அதன்பிறகு இரண்டு முறை தொலைபேசியில் சொன்னேன், ஒரு முறை உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுத்தில் வைக்கிறேன்.

நாங்கள் வடகமும் மோர் மிளகாயும் போட்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். என் அம்மா தோட்டத்து வீட்டு வாசலில் பாய் விரித்துத் தொடங்கிய தொழில் இது. இப்போது ஒரு கடைவீட்டு மாடியில் நானும் மூன்று பெண்களும் செய்கிறோம். வெயில் இருந்தால் பின்பக்கத் திறந்தவெளியிலேயே காய்ந்துவிடும். ஆனால் புரட்டாசி வந்தால் இலைச் சாப்பாட்டுக் கடைகளில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கூட்டம் இரண்டு மடங்காகும். எங்களுக்கு ஆர்டர் குவியும் நேரம் அதுதான். பினாங்கில் மழை விடாமல் பெய்கிற செப்டம்பர், அக்டோபரும் அதே நேரம்தான். அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் உங்களிடம் வந்தேன். இதை உங்கள் ஆளிடம் மறைக்கவில்லை. "உணவு உலர்த்தும் அறைக்கு" என்று ரசீதில் அவரே கைப்பட எழுதியிருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்.

அறை 42 அடி நீளம், 20 அடி அகலம், கூரை 12 அடி உயரம். உங்கள் ஆட்கள் அடுப்பைத் தெருப்பக்கச் சுவரோரம் வைத்தார்கள். அதன் தலையில் ஒரு சின்னக் காற்றாடி, மேல்நோக்கி ஊதுகிறது. புகைபோக்கி கிடையாது. தட்டு அடுக்குகள் பத்து, அறை நெடுக நிற்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் ஈட்டிலேயே தெரிந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு வடகத்தை எடுத்தேன். வெள்ளையாக, கல் மாதிரி இருந்தது. நன்றாகக் காய்ந்த வடகம் பட்டென்று ஒடிய வேண்டும். இது ஒடியவில்லை, நகத்தால் கீறித் திறந்து பார்த்தால் உள்ளே கூழ் அப்படியே பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. சூடு ஒரே இடத்தில் வேகமாக அடித்ததால் மேல்தோல் இறுகிக்கொண்டது, உள்ளிருந்த ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அறையின் அந்தக் கடைசியில், படிக்கட்டுப் பக்கம், கீழ்த்தட்டில் இருந்தவை முந்தின நாள் பிழிந்த மாதிரியே ஈரமாகக் கிடந்தன. மூன்றாம் நாள் மோர் மிளகாயின் காம்போரம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது. வடகம் 35 கிலோ, மோர் மிளகாய் 18 கிலோ. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டோம். பசியோடு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. சாப்பிடும் பொருளைக் கொட்டும்போது மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கணக்கில்தான் ஏதோ தப்போ என்று நினைத்து, வெப்பமும் ஈரமும் காட்டுகிற சின்னக் கருவிகள் நான்கு வாங்கி வைத்துப் பார்த்தேன். அடுப்பு மூன்று மணி நேரம் எரிந்த பிறகு, அதற்கு நேர் மேலே கூரையோரம் 58 டிகிரி. அடுப்புப் பக்கத்து அடுக்கில் இடுப்பு உயரத்தில் 47. அறையின் கடைசியில் கீழ்த்தட்டில் 32, ஈரம் 78 விழுக்காடு. வெளியே மழையில் நின்றிருந்தாலும் 27, 28 டிகிரி இருந்திருக்கும். ஆக, மூன்று மணி நேரம் கேஸ் எரித்து அந்த மூலைக்குக் கிடைத்தது நான்கைந்து டிகிரி.

அப்புறம் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை முழுக்க நடந்தேன். நான் வாங்குவதற்கு முன்பே உங்கள் பொறியாளர்கள் யாராவது இதைச் செய்து காட்டியிருக்க வேண்டும். அடுப்பருகே புகை நேராக மேலே ஓடிக் கூரையில் பரவியது. பாதி அறை தாண்டியதும் வேகம் குறைந்தது. கடைசி அடுக்கின் கீழே பிடித்தபோது பத்தியின் நுனியிலிருந்து நூல் மாதிரி எழுந்து, முழங்கால் உயரத்தில் அப்படியே தங்கி நின்றது. அங்கே காற்றே அசையவில்லை. சூடான காற்று லேசானது, மேலே போய்த் தங்கும். குளிர்ந்த காற்று கனமானது, தரையில் தேங்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். தள்ளிவிட ஆளில்லாவிட்டால் இரண்டும் கலக்காது. நான் 8,400 வெள்ளி கொடுத்தது கூரையைச் சூடாக்குவதற்கு அல்ல.

முதல் புகாருக்கு உங்கள் தொழில்நுட்பர் வந்தார். சூடு சன்னல் வழியாக ஓடுகிறது என்று சொல்லி, சன்னல்களையும் மேலே இருந்த காற்றுத் துளைகளையும் பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டுப் போனார். இந்தக் கடிதத்தில் நான் மிகக் கோபமாக எழுதுகிற இடம் இதுதான்.

கேஸ் எரிந்தால் சூடு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. 14 கிலோ தோங் (கேஸ் உருளை) ஒன்று எரிந்து முடிந்தால் ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். கேஸிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருகிற தண்ணீர் அது. எங்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தோங் தீர்ந்தது. அப்படியென்றால் புகைபோக்கி இல்லாத உங்கள் அடுப்பு, நாங்கள் ஈரத்தை விரட்டப் பாடுபடுகிற அதே அறைக்குள் தினமும் 11 லிட்டர் தண்ணீரை விட்டது. வடகத்திலிருந்து வெளியேறும் ஈரம் வேறு. டேப் ஒட்டிய மறுநாள் காலையில் பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து வழிந்து, சன்னல் கட்டையெல்லாம் நனைந்து கிடந்தது.

அன்று மதியம் எங்களில் ஒருவர், இருபது வருடமாக என்னோடு வேலை செய்கிறவர், தட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே "அக்கா, தலை சுத்துது" என்று சுவரைப் பிடித்தார். இன்னொரு பெண்ணுக்குக் காலையிலிருந்தே தலைவலி. இரண்டு பேரையும் கீழே கடை முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். காற்றுப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்கள். கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மூடின அறையில் கேஸ் எரிக்கிறீர்களா?" என்பதுதான். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் மயக்கமும்தான் முதல் எச்சரிக்கை என்று விளக்கினார். அன்று சாயங்காலமே டேப்பையெல்லாம் கிழித்தெறிந்தேன். தலை சுற்றிய அந்தப் பெண்ணுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் ஆள் சொன்னபடி செய்த எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பிறகு உங்கள் அடுப்போடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அட்டையில் பனி மூடிய வீடு, உள்ளே கம்பளி போர்த்திய குடும்பம். குளிர் நாட்டில் ஒரு கூடத்தைச் சூடாக்கச் செய்த அடுப்பு இது. 7ஆம் பக்கத்தில், அறைக்குள் வெளிக்காற்று வரும் திறப்பு எப்போதும் இருக்க வேண்டும், அதை எக்காரணத்தாலும் மூடக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. உங்கள் பொருளின் கையேடே தடுக்கிற வேலையை உங்கள் ஆள் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாவது முறை புகார் சொன்னபோது கிடைத்த பதில், "இன்னொரு அடுப்பு வாங்கி அந்தக் கடைசியில் வையுங்கள், தள்ளுபடி தருகிறோம்." மேலும் 7,500 வெள்ளி!

என் அக்கா மகன் ஏர்கோன் (குளிர்சாதன) வேலை பார்க்கிறான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பைத் தொடவேயில்லை அவன். ஒரு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய், அடுப்புக்கு நேர் எதிர்க்கோடியில், தரையில், அடுப்பைப் பார்க்க வைத்தான். எனக்குப் புரியவில்லை. சூட்டை இந்தப் பக்கம் தள்ளாமல் குளிரை அந்தப் பக்கம் தள்ளுகிறானே என்று கேட்டேன். "சின்னம்மா, தரையில இருக்கிற குளிர்ந்த காற்று கனம், விசிறிக்குப் பிடிபடும். அது அடுப்புப் பக்கம் போனா, அந்த இடத்தை நிரப்பக் கூரையோரம் இருக்கிற சூடு தானா இங்க வந்துதான் ஆகணும்" என்றான். ஊதுபத்தியை மறுபடி கொளுத்தினோம். தரையில் புகை அடுப்பை நோக்கி ஓடியது. ஏணியில் ஏறிப் பிடித்தால் கூரையோரம் அதே புகை படிக்கட்டுப் பக்கம் வந்தது. நாற்பது நிமிடத்தில் கடைசி மூலை 32லிருந்து 38 டிகிரி ஆனது. கூரை 58லிருந்து 49க்கு இறங்கியது. விசிறியின் விலை 79 வெள்ளி.

கூரை விசிறியைப் பின்னோக்கிச் சுற்ற விட்டால் காற்று மேலே போய்க் கூரையில் பரவி, சுவரோரமாகக் கீழே இறங்கும், தட்டில் நேராக அடிக்காது என்றும் சொன்னான். மேல் சன்னலில் ஒரு வெளியேற்று விசிறியும் பொருத்தினோம். சூடு கொஞ்சம் போகும், போகட்டும். ஈரத்தைச் சுமந்துகொண்டல்லவா போகிறது. 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமாக இருக்கிற மழைக்காலக் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரம் 34 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. அப்போதுதான் அது வடகத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் அதை வெளியே அனுப்பிவிட்டுப் புதுக் காற்றை உள்ளே எடுக்க வேண்டும். சூடாக்குவது, சுற்ற விடுவது, வெளியேற்றுவது என்று மூன்று வேலை இருக்கிற இடத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் விற்றுவிட்டு, மூன்றாவதை டேப் போட்டு மூடினீர்கள்.

விசிறி வைத்துச் சமாளித்துவிட்டோமே, அப்புறம் என்ன புகார் என்று கேட்காதீர்கள். எரித்தால் புகை இன்னும் அறைக்குள்ளேயேதான் விழும். உணவுப் பொருளும் மனிதர்களும் இருக்கிற அறையில் இதை எரிக்க எனக்கு மனமில்லை. இரண்டு வாரமாக அணைத்தே வைத்திருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்தபோது, வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்பதால் நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது என்று உங்கள் அதிகாரி சொன்னார். சரி, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவர்களுக்கானது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. நான் தெரிவித்ததற்குச் சாட்சி உங்கள் ஆளின் கையெழுத்து உள்ள ரசீதுதான்.

எனக்கு வேண்டியது இவை. அடுப்பை உங்கள் செலவில் கழற்றி எடுத்துக்கொண்டு 8,400 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். கெட்டுப்போன சரக்கின் மதிப்பு 1,460 வெள்ளி. கணக்குச் சீட்டு இணைப்பில் இருக்கிறது. கிளினிக் செலவு 130 வெள்ளி. பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் தொடர்வேன்.

இன்னொன்று, பணத்தைவிட அவசரமானது. என் இடத்தில் டேப் ஒட்டிய தொழில்நுட்பர், இதே மாதிரி இன்னும் சில இடங்களில் அடைத்துக் கொடுத்திருப்பதாக அவர் வாயாலேயே சொன்னார். பேக்கரி ஒன்று, சலவைக் கடை ஒன்று என்றார். அந்த இடங்களின் எண்கள் உங்களிடம் இருக்கும். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன், இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்லி, சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் 7ஆம் பக்கம், வெப்பம், ஈரம் குறித்த பதிவுத் தாள், கிளினிக் ரசீது, சரக்குக் கணக்கு, டேப் ஒட்டிய சன்னலின் படங்கள்.