பழைய இன்ஜினுக்கு சிந்தெட்டிக் ஆயில்: டெல்டா பட்டறை மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்கக் கார் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே தொழில் பழகும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்திருந்து ஓட்ட ஆள் இல்லாத வீடுகளுக்குப் போய், அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் மாருதி 800, சாண்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ், எப்போதாவது ஒரு அம்பாசடர் என்று வயதான வண்டிகள்தான் என் கைக்கு அதிகம் வருகின்றன. ஆயில் சர்வீஸுக்கு அந்த வண்டிகளை உங்களிடம் கொண்டுவருகிறவனும் பெரும்பாலும் நான்தான். வண்டிக்காரர் போனில் கேட்கிற கேள்வியை உங்களிடம் கேட்டு, நீங்கள் சொல்கிற பதிலை அவரிடம் சொல்கிற இடத்தில் இருக்கிறேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

"இத்தனை வருஷமா சாதா ஆயில் ஊத்தின வண்டி. இப்ப சிந்தெட்டிக் ஊத்தலாமா?" என்று கேட்டால் ஒரு பட்டறையில், "வேண்டவே வேண்டாம், சீல் எல்லாம் போயிடும், ஒழுக ஆரம்பிச்சிடும்" என்கிறார்கள். அடுத்த தெருவில், "ஊத்துங்க சார், வண்டி புதுசாயிடும், 15000 கிலோமீட்டருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார்கள். இரண்டு பதிலும் இன்ஜினைப் பார்க்காமலே வருகின்றன. முதல் பதிலால் நல்ல இன்ஜினுக்குக் கிடைக்க வேண்டிய நல்ல ஆயில் கிடைக்காமல் போகிறது. இரண்டாவது பதிலை நம்பியவர்கள் காசையும் விட்டு, சில சமயம் இன்ஜினையும் விடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இன்ஜினுக்கு மேலே இருக்கும் மூடியான டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அந்த ஒரு இன்ஜினுக்கு என்ன பதிலோ அதைச் சொல்லுங்கள்.

சீல் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அது முழுப் பொய் இல்லை. சாதாரண மினரல் ஆயிலில், கச்சா எண்ணெயிலிருந்து வரும் சில பொருள்கள் ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைத்து இறுக்கமாக வைத்திருக்கும். ஆரம்ப கால சிந்தெட்டிக் ஆயில்கள் பிஏஓ என்ற செயற்கை எண்ணெயை வைத்துச் செய்யப்பட்டவை. அதற்கு ரப்பரை உப்ப வைக்கும் குணம் இல்லை, அதனால் சீல் சுருங்கியது உண்மை. இது தெரிந்ததும் கம்பெனிகள் எஸ்டர் போன்ற பொருள்களைச் சேர்த்து அந்தக் குறையைச் சரி செய்துவிட்டன. இன்று தரச் சான்று வாங்கும் ஆயில், ரப்பரோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையையும் தாண்டித்தான் வருகிறது.

அப்படியானால் சிந்தெட்டிக் ஊற்றிய சில பழைய வண்டிகள் ஏன் ஒழுகுகின்றன? சீல் ஏற்கெனவே செத்திருந்தது, அதனால்தான். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து கல்லாகிப் போன கிராங்க் சீலை, அதாவது இன்ஜினின் சுழல் தண்டுக்கு (கிராங்க்) மாட்டும் ரப்பர் வளையத்தைச் சுற்றி ஆயில் கசடு படிந்து, அந்தக் கசடே இடைவெளியை அடைத்திருக்கும். நல்ல ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அந்த அழுக்கைக் கரைத்ததும் ஒழுகல் வெளியே தெரிகிறது. அந்த சீலை மாற்ற வேண்டியது எப்படியும் பாக்கி. அதை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்கள் மேல் பழி வராது. சொல்லாமல் விட்டால், "அந்தப் பட்டறையில ஊத்தின ஆயில்தான் கெடுத்துச்சு" என்றுதான் ஊரில் பேசுவார்கள்.

ஒழுகலை விட நான் பயப்படுவது உள்ளே நடக்கிற வேலைக்கு. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது வாய்க்காலில் கிடந்த குப்பையெல்லாம் உருண்டு வந்து மதகில் அடைத்துக்கொள்ளுமே, அதுபோல இன்ஜினுக்குள் பெயர்ந்த கசடு சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் ஏறாது. பேரிங் காய்ந்துவிடும். பல வருஷம் சர்வீஸ் தவறிய வண்டியில் டேப்பட் கவருக்கு அடியில் கரிய பசை அப்பிக் கிடந்தால், அன்றைக்கே சிந்தெட்டிக் ஊற்றி அனுப்பாதீர்கள். முடிந்தால் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். செலவுக்கு யோசிக்கிற வண்டிக்காரராக இருந்தால், நல்ல தரமான மினரல் ஆயிலையே ஊற்றி, 2000, 3000 கிலோமீட்டருக்குள் ஃபில்டரோடு மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்புறம் சிந்தெட்டிக்குக்குப் போகலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். டீசலையோ மண்ணெண்ணெயையோ சம்ப்பில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுக் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கிற ஆயில் படலம்தான் உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது. டீசலால் அந்தப் படலம் நிற்காது. எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கி, புதிதாக ஊற்றுகிற ஆயிலையும் நீர்க்க வைக்கும். அதுவும் கசடு பிடித்த பழைய இன்ஜினில் ஒரே நாளில் எல்லா அழுக்கையும் பெயர்ப்பது மிக ஆபத்தான வேலை.

டேப்பட் கவரைத் திறந்து பார்க்கும்போது உள்ளே தேன் நிறத்தில் லேசான கறை மட்டும் இருந்தால், கவலையே வேண்டாம். நேராக மாற்றலாம். மினரலும் சிந்தெட்டிக்கும் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே தங்கினால் கட்டியாகிவிடும் என்பதெல்லாம் பயமுறுத்தல். ஒருமுறை மாற்றினால் திரும்ப முடியாது என்பதும் அப்படியே. அடுத்த சர்வீஸில் கையில் பணம் இல்லையென்றால் மினரலுக்கே திரும்பி வரலாம், இன்ஜின் கோபித்துக்கொள்ளாது.

ஆயில் குடிக்கிற வண்டி வேறு கதை. மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரெஷன் (தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை) குபுகுபுவென்று அடிக்கிறது, நீலப் புகை போகிறது, மாதா மாதம் டாப்-அப் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அந்த வண்டிக்கு விலை உயர்ந்த ஆயில் ஊற்றச் சொல்வது நியாயமில்லை. அந்தப் பணத்தை வால்வு சீலுக்கோ ரிங்குக்கோ சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எந்த ஆயிலும் தேய்ந்த ரிங்கை வளர்க்காது.

இப்போது நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது: கிரேடு, அதாவது டப்பாவில் போட்டிருக்கும் ஆயிலின் கெட்டித் தன்மை எண். சிந்தெட்டிக்குக்கு மாறியதும் இன்ஜினில் சத்தம் வருகிறது, சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது என்று வரும் புகார்களில், நான் டப்பாவை வாங்கிப் பார்த்த இடங்களில் எல்லாம் கோளாறு சிந்தெட்டிக்கில் இல்லை, எண்ணில்தான் இருந்தது. 20டபிள்யூ-40 ஊற்றிப் பழகிய வண்டியில் 5டபிள்யூ-30 ஊற்றியிருப்பார்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். மார்கழி விடியலிலும் நம் ஊரில் இந்தக் குளிர் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் எண். அதுதான் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஆயிலின் கெட்டித் தன்மையை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். லட்சம் கிலோமீட்டர் தாண்டித் தேய்ந்த பேரிங்குக்கு இந்த வித்தியாசம் பெரிது.

சிந்தெட்டிக் என்றாலே 5டபிள்யூ-30தான் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று கெட்டியான கிரேடுகளிலும் சிந்தெட்டிக் கிடைக்கிறது. கடையில் இல்லையென்றால் வரவழைக்கலாம். மாற்றும்போது பின்னால் இருக்கும் எண்ணைக் குறைக்காதீர்கள். கம்பெனி கையேடே 5டபிள்யூ-30 கேட்கிற டர்போ டீசல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அதுதான் சரி. கையேடு சொல்வதைத் தாண்டி நம் ஊகம் வேண்டாம்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்காகத் தனியாக ஒரு வார்த்தை. அதன் பழைய பெட்ரோல் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தட்டையான டேப்பட்டின் மேல் உரசித்தான் ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும். ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் புதிய எஸ்என், எஸ்பி தரங்களில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு, புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க. 40, 50 கிரேடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விலை கூடிய ஆயில் என்பதற்காக மெல்லியதை ஊற்றி ஒரு நல்ல அம்பாசடரின் கேமைத் தேய்த்துவிடாதீர்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது, ஒவ்வொரு இன்ஜினையும் காப்பாற்றி வைக்க வேண்டிய காலம் இது.

சரி, இத்தனைக்கும் பிறகு சிந்தெட்டிக்கால் நமக்கு என்னதான் லாபம்? சூடு. சித்திரை, வைகாசி வெயிலில் திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒரே நாளில் ஒன்பது கோயில் சுற்றுகிற வண்டியை யோசித்துப் பாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்காக ஏசி ஓட வேண்டும். காற்றே படாமல் இன்ஜின் நின்ற இடத்தில் கொதிக்கும். அந்தச் சூட்டில் மினரல் ஆயில் சீக்கிரம் ஆவியாகும், ஆக்சிஜனோடு சேர்ந்து தடித்துப் பசையாகும். சிந்தெட்டிக் இதை நன்றாகத் தாங்கும். டர்போ வண்டிக்கு இந்த நன்மை இன்னும் அதிகம். ஆனால் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிற ஒரு மாருதி 800-க்கு இரண்டு மடங்கு விலை கொடுத்துக் கிடைக்கிற பலன் கொஞ்சம்தான். குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை, பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். அதற்கு மருந்து, கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளிப்போடாமல் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவது. இதை அந்தப் பெரியவர்களிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்.

15000 கிலோமீட்டர் வாக்குறுதியையும் நிறுத்துங்கள். வண்டி நின்றுகொண்டே ஓடிய நேரம் கிலோமீட்டர் மீட்டரில் ஏறுவதில்லை. பழைய இன்ஜினில் ரிங்கைத் தாண்டி இறங்கும் புகையும் எரியாத எரிபொருளும், ஆயில் எந்த வகையாக இருந்தாலும் அதைக் கெடுக்கத்தான் செய்யும். கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியே பழைய வண்டிக்குப் போதும். டீசல் வண்டியில் மட்டும், ஆயில் கறுத்துவிட்டதே என்று பயமுறுத்தி முன்கூட்டியே மாற்ற வைக்காதீர்கள். கரியைத் தன்னோடு சுமப்பதுதான் அந்த ஆயிலின் வேலை, ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும்.

டப்பாவில் 'சிந்தெட்டிக்' என்று இருப்பதெல்லாம் ஒரே சரக்கும் இல்லை. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிக நன்றாகச் சுத்திகரித்த ஆயிலையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகளுக்கு நடுவே வந்த விளம்பரத் தகராறில் முடிவானது. நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த வகை. அதுவும் நல்ல ஆயில்தான், நம் தேவைக்குப் போதும். அதனால் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் கிரேடையும் ஏபிஐ தரத்தையும் படியுங்கள். பில்லிலும் அந்த இரண்டையும் கிலோமீட்டரையும் எழுதிக் கொடுங்கள். டப்பாவின் சீலை வண்டிக்காரர் கண் முன்னால் உடையுங்கள். காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அது போய்ச் சேராமல் இருக்கும்.

கடைசியாக வடித்த ஆயிலைப் பற்றி. நான் மேலே சொன்னபடி கசடு இறக்க இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றினால் கழிவு ஆயிலும் அதிகமாகும், அதை எங்கே விடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2017-இல் கதிராமங்கலத்தில் குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டு நின்றது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டமும் வந்தது. அப்படிக் காத்த மண்ணில், பட்டறைக்குப் பின்னால் ஓடும் சாக்கடை வழியாக அரசலாற்றுக்கும் குடமுருட்டிக்கும் வெண்ணாற்று வாய்க்கால்களுக்கும் நம் கையாலேயே கறுப்பு ஆயில் போய்ச் சேரக் கூடாது. தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த எரிபொருளின் நச்சும் கலந்தது அது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல், விற்கிற கம்பெனிகளே கழிவு ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுத்திகரிக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. ஒரு பட்டறையில் சேர்வது சில கேன்கள்தான், அதற்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு தெருவில் இருக்கும் நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து, மூடி உள்ள டிரம் ஒன்றை மழை படாத இடத்தில் வைத்து, நிறைந்ததும் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்திடம் கொடுங்கள். உங்களுக்கு ஆயில் சப்ளை செய்யும் டீலரிடம் இதை இப்போதே கேளுங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பட்டறைத் தரையில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் டிரம் வந்து சேரட்டும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஓர் ஆக்டிங் டிரைவர்