ஏறின கியரிலேயே இறங்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

கனடாவின் மலைப்பக்கம் போக நீ எடுக்கிற ஆர்.வி. என்ற வீட்டு வாகனத்தின் படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். குசினி, கட்டில், பிரிஜ் எல்லாம் ஒரு வாகனத்துக்குள். "கக்கூசும் உள்ளுக்குள்ளயே இருக்குதாம்" என்று பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. இருபத்தெட்டு வருடம் லொறிக்குள் படுத்தெழும்பியவன் நான். என் வீடும் சில்லில்தான் ஓடியது, கருவாட்டு மணத்தோடு.

போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இறக்கம். நீ பிறப்பதற்கு முந்தின வருடம், நுவரெலியாவில் கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கமாக இறங்கினேன். நல்ல பாரம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். முதலில் கருகின மணம் வந்தது. அதற்குப் பிறகு பெடல் பஞ்சை மிதித்ததுபோல் அப்படியே உள்ளே போய்விட்டது. கியரை இழுத்துக் குறைத்து, மலைப்பக்கத்து மண்திட்டில் லொறியை உரசவிட்டுத்தான் நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வயதான ஒருவர் கிட்ட வந்து சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, ஏறின கியரிலேயே இறங்கணும்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். இந்தக் கதை அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. கடித உறையை ஒட்டிய பிறகுதான் அவள் கையில் கொடுப்பேன்.

உன்னுடையது ஓட்டோ கியர் என்று தெரியும். அதிலும் கீழ்க் கியரைப் பிடித்துவைக்க வழி இருக்கும். வாகனத்தைத் தருகிறவரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே ஒருதரம் செய்து பார். இறக்கத்தில் வாகனத்தை எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக்கை இடைக்கிடை அழுத்தமாக மிதித்து விடு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கைவிட்டுவிடும். இன்னொன்று, 25 அடி வாகனத்துக்கு வால் உண்டு. நீ இடப்பக்கம் திருப்பும்போது பின்பக்கம் வலப்பக்கம் வீசும். பெற்றோல் செட்டில் தூணை இடிக்கிறவர்கள் எல்லாரும் இதை மறந்தவர்கள்தான். கூரையின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குக் கிட்ட ஒட்டிவை.

இனி உன் பயணத் திட்டம். கோபிக்காதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நாளில் கல்கரி, பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர், திரும்பக் கல்கரி. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்கு 232 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம் என்று போட்டிருக்கிறாய். அது போன் சொல்லும் கணக்கு. நாங்கள் அங்கு வந்தபோது உன் காரிலேயே பான்ஃப் பக்கம் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்தச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஜாஸ்பருக்குப் போகும் அந்த ஐஸ்ஃபீல்ட்ஸ் பாதையில் பெரும்பாலான இடங்களில் போன் சிக்னலே கிடையாதாம், எண்ணெய் அடிக்கவும் இடையில் சஸ்காச்சுவன் குரொசிங்கை விட்டால் வேறு இடமில்லையாம். லேக் லூயிஸை விட்டுக் கிளம்பும்போதே தாங்கியை நிரப்பு. இரண்டு இடத்தை வெட்டிவிட்டு ஒரே இடத்தில் இரண்டு இரவு நில். லொறியில் நான் பார்த்த மலைநாட்டில் எனக்கு இன்றும் நினைவிருப்பது நின்ற இடங்கள்தான். ஓடிய இடமெல்லாம் ஒரே வளைவாகத்தான் மனதில் கிடக்கிறது.

எங்கே நிற்கிறாய் என்பதுதான் எனக்குப் பயம். ஒருமுறை கம்பளைக்குக் கிட்ட மகாவலி ஆற்றோரம் லொறியை விட்டுவிட்டுப் படுத்தேன். வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது, ஒரு துளி மழை இல்லை. விடியப்புறம் எழும்பினால் முன்சில்லைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கிறது. மழை பெய்தது மேலே, அற்றன் பக்கம். அந்த ஆறுதான் 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையில் கொட்டிய மழை மூதூர்ப் பக்கம் என்ன செய்தது என்று நீயும் பார்த்தாய். ஆற்றைக் கேட்கிற தூரத்தில் படுக்கலாம், தொடுகிற தூரத்தில் படுக்கக்கூடாது.

உங்கள் ஆறுகளில் இன்னொரு சூழ்ச்சி உண்டு. அவை பனிப்பாறை உருகி வருபவை. வெயில் ஏற ஏற உருகும், பின்னேரம் தண்ணீர் கூடும். காலையில் பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாண்டிப்போன இடத்தில் பொழுதுபடத் திரும்பிவர வழியிருக்காது. சரியான இடத்தில், முகாம்காரர் உனக்கென்று ஒதுக்கித்தரும் இலக்கத்தில் மட்டும் நில்.

குளங்களைப் பற்றி. திருகோணமலைப் பிள்ளை என்ற திமிர் உனக்கு உண்டு. நிலாவெளியில் நான்தான் உனக்கு நீந்தப் பழக்கினேன், ஆகையால் திமிரில் பாதி என்னுடையது. ஆனால் உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்கும், நன்னீர் அவ்வளவு தாங்காது. அதுவும் அந்தக் குளிரில் குதித்தால் முதல் மூச்சு உன் சொல் கேட்காது. பிள்ளைகளைக் கால் நனைக்க விடு, போதும். பேரன் அன்று மொறெய்ன் குளத்தைப் பார்த்து "அம்மப்பா, இதுக்குள்ள பெயின்ற் ஊத்தினதா?" என்று கேட்டான். பனிப்பாறை அரைத்த கல்மா தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் என்று இந்த முறை நீ சொல்லிக்கொடு. பான்ஃபில் 1883இல் ரயில்வேக்காரர் கண்ட வெந்நீர் ஊற்றால்தான் அந்தப் பூங்காவே வந்தது என்பதையும் சொல். கன்னியாவின் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளிக் குளித்ததை அவன் இன்னும் மறக்கவில்லை.

சமையல். லேக் லூயிஸ் ஊர் கிட்டத்தட்ட 1,600 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. அந்த உயரத்தில் தண்ணீர் சூடு போதாமலே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. பிரஷர் குக்கரைக் கொண்டுபோ. இரவில் குளிர்கிறது என்று காஸ் அடுப்பை எரியவிட்டுப் படுக்காதே. நுவரெலியாவில் பூட்டிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படுத்து எழும்பாமலே போனவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று அமத்திப் பார். கழிவுத் தாங்கியைத் திறந்துவிடும் வேலையை மருமகன் செய்யட்டும். கலியாணத்தில் அவருக்கு நாங்கள் கேட்காமல் விட்ட சீதனம் அது. கறுப்புத் தண்ணீர் என்கிற கக்கூஸ் கழிவை முதலில் விட்டு, பாத்திரம் கழுவின தண்ணீரைப் பிறகு விட்டால் குழாயும் கழுவுப்படும் என்று சொல்.

கடைசியாக ஒரு சங்கடம். ரொறன்ரோவுக்கு வருகிற ஒருவரிடம் அம்மா பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறாள். மாசி, மிளகாய்த்தூள், கீரிமீன் கருவாடு. "பிள்ளையள் மலையில சோறாக்கி, கருவாடு பொரிச்சுத் தின்னட்டும்" என்பது அவளுடைய ஆசை. அங்கே கரடிக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கருவாடு பொரித்தால் கரடி அந்த விதியை மதிக்குமா தெரியாது. லேக் லூயிஸில் ஒரு முகாமில் துணிக்கூடாரமே விடமாட்டார்கள், கூடாரக்காரருக்கு வேறாக மின்வேலி போட்ட இடம் என்றால் பார்த்துக்கொள்.

ஆகையால் கருவாட்டைப் பிரீசரிலேயே வைத்துவிட்டுப் போ. அம்மா கேட்டால் மலையில் பொரித்துத் தின்றோம் என்று சொல். நானும் அப்படியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா