21ஆம் தேதி லீவு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பதினொரு வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மாதம் என்றால் இரண்டு தேதிதான், ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாட்கள்: 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி. கொள்முதல் பில்களைப் பலர் 18ஆம் தேதி சாயங்காலம்தான் பையோடு கொண்டுவந்து வைப்பார்கள், அதனால் கடைசி இரண்டு நாளும் வீடு திரும்ப ராத்திரி பதினொன்று ஆகிவிடும். இது ஊரறிந்த விஷயம். நான் எழுத வந்தது என் பக்கம் நடந்ததை.

போன வருடம், முன்கூட்டியே வந்த பில்களைக்கூடத் தொடாமல் வைக்க ஆரம்பித்தேன். 12ஆம் தேதி வந்த ஃபைலைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும், எடுத்து இன்னொரு ஃபைலுக்கு அடியில் செருகிவிடுவேன். வீட்டில் உடம்பு படுக்கச் சொல்லிக் கெஞ்சும், ஆனாலும் பிள்ளைகள் தூங்கியபிறகு ஒரு மணி, இரண்டு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் அந்த நாளில் எனக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான். நாலு நாள் லீவு போடுங்கள் என்று சாரே சொன்னபோதும் மறுத்துவிட்டு, புதிதாக வந்த இரண்டு பார்ட்டிகளின் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சோம்பேறி ஆகிவிட்டோமோ என்கிற பயம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றவே இல்லை.

ஒரு 20ஆம் தேதி ராத்திரி, ஒரு பார்ட்டி வெளிமாநிலக் கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை (ஐஜிஎஸ்டி கிரெடிட்), மத்திய அரசு வரிக்கான சிஜிஎஸ்டி கட்டத்தில் போட்டு ஃபைல் பண்ணிவிட்டேன். 3பியைப் போட்டபிறகு திருத்த வழியில்லை, அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். தப்பு திரையில் தெரிகிறது, எனக்கு அழுகைகூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் குறைவு. அப்புறம், "மாத்திரை மட்டும் போதாதும்மா, தூங்கணும்" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே 'பர்ன் அவுட்' பற்றி எழுதியிருக்கிறது: இது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது, சக்தி வடிந்துபோகும், வேலையிலிருந்து மனம் விலகிப்போகும், செய்கிற வேலையில் திறன் குறைந்துபோகும். மூன்றுமே எனக்கு இருந்தது. ஃபைலை அடியில் செருகியது சோம்பல் இல்லை.

பத்து நாள் லீவு போட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். முதல் நாலு நாள் தூக்கம்தான், எழுந்தால் குற்ற உணர்ச்சி. ஐந்தாம் நாள் மத்தியானம் கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டபோது நாக்கில் ருசி தெரிந்தது. எத்தனை மாதமாகச் சும்மா விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது ராத்திரி பத்து மணிக்குப் போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். டிபன் பாக்ஸை மேசையில் திறப்பதில்லை. வந்த ஃபைலை அன்றைக்கே அரை மணி நேரமாவது பார்த்துவிடுகிறேன். அந்த இரண்டு பார்ட்டிகளையும் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் ரொம்பத் தைரியம் தேவைப்பட்டது.

ஆனால் எல்லாவற்றையும் ஆளாளுக்குச் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமில்லை. கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்கள் உட்காருவதற்கே தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே வருடம் சொல்லியிருக்கின்றன. எங்கள் அலுவலகங்களில் 20ஆம் தேதி வரும் வாரம் அந்தக் கணக்கைச் சாதாரணமாகத் தாண்டும்.

பனியன் கம்பெனிக்காரர்கள் கொள்முதல் பில்களை 12ஆம் தேதிக்குள் கொடுங்கள். அலுவலகம் நடத்துபவர்கள் 21ஆம் தேதி எங்களுக்குச் சம்பளத்தோடு லீவு விடுங்கள். என்னைப் போல ஃபைலை அடியில் செருகிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஆசிரியர் அவர்கள் அந்த எண்ணை மட்டுமாவது கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நன்றி உள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்