கைதுக்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடிப்படை உரிமை என்றதும் பேச்சுரிமையும் சமத்துவமும்தான் மேடைகளில் முழங்கும். மும்பையின் தாராவியிலோ அண்டாப்ஹில்லிலோ ராத்திரி ஒரு தமிழ்ப் பையனைப் போலீஸ் கூட்டிப்போனால், வீட்டாருக்கு உதவுவது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவுதான். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

காரணத்தை எந்த மொழியில் சொல்வது? 1962-ல் ஹரிகிஷன் வழக்கில், ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து வாயால் விளக்கியது போதாது என்று மகாராஷ்டிரத்தில் போடப்பட்ட தடுப்புக்காவல் (குற்றம் நடக்குமுன்பே தடுக்கச் சிறைவைக்கும்) உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணக் கைதுகளிலும் காரணத்தைக் கைதானவருக்குப் புரிந்த மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு) குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நடப்பது வேறு. மராத்திக் காகிதத்தை நீட்டுகிறார்கள், “ஹிந்தி தெரியும்ல?” என்றால் பையன் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறான். கோர்ட்டில் வாய் திறக்காவிட்டால் “புகார் எதுவும் இல்லை” என்று பதிவாகிவிடும். முதல் ரிமாண்டிலேயே, தமிழில் காரணம் தரப்படவில்லை என்று சொல்லி ரோஸ்நாமாவில் (கோர்ட்டின் அன்றாடப் பதிவில்) ஏற்றச் செய்ய வேண்டும். பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

அடுத்த வில்லங்கம் நேரம். “சும்மா விசாரணை” என்று ராத்திரி உட்காரவைத்து, மறுநாள் காலையில்தான் கைது செய்ததாகக் காட்டுவார்கள். கூட்டிப்போன உடனே அந்த நேரத்தைக் குறிப்பிட்டு உறவினருக்கோ வக்கீலுக்கோ வாட்ஸ்அப் அனுப்பிவையுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வைக்க 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே மனு கொடுக்கலாம். 24 மணி நேரம் தாண்டியும் கோர்ட்டில் நிறுத்தவில்லையென்றால் 226ஆவது பிரிவின் கீழ் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் மனு) போடலாம். 32ஆவது பிரிவில் நேரே டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் பக்கத்தில் இருப்பது உயர் நீதிமன்றம்தான். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் அந்த மனு பொதுவாக நிற்காது என்பதால் தாமதிக்கக் கூடாது.

வக்கீலுக்குக் காசில்லை என்ற கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

தாராவி, சாகுநகர், அண்டாப்ஹில் காவல் நிலையங்களில் கைதுக் காரணப் படிவத்தைத் தமிழிலும் அச்சிட்டு வைக்க மும்பை போலீஸ் ஆணையர் உத்தரவிட வேண்டும். மொழிபெயர்த்துத் தர இங்குள்ள தமிழ் அமைப்புகள் முன்வரலாம்.

வழக்கறிஞர்கள் சிலர்,
தாராவி, மும்பை