வழி சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சேலம் பெரியாஸ்பத்திரி எலும்பு முறிவு வார்டில் 18 நாள் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும், ஏற்காட்டு மலையிலிருந்து எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

மாசியில் மிளகு பறிக்கும்போது, சில்வர் ஓக் மரத்தில் சார்த்தியிருந்த மூங்கில் ஏணியிலிருந்து அப்பா விழுந்துவிட்டார். வலது தொடை எலும்பு முறிந்துபோனது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

108 வண்டியில் வந்த அண்ணனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருந்தும், வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஏழுதானுங்கய்யா... இன்னும் ஆறுதானுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடிவாரம் வருவதற்குள் அப்பாவும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஆஸ்பத்திரியில் தங்கியதில்லை. காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், ஓர் ஊசி, அவ்வளவுதான். "அட்டெண்டர் யாரும்மா?" என்று சிஸ்டர் கேட்டபோது, அது என்னைத்தான் என்றுகூட எனக்குத் தெரியாது. சீட்டு எங்கே போடுவது, எக்ஸ்ரே எந்தக் கட்டடம், காப்பீட்டு அட்டை இல்லையென்றால் யாரைப் பார்ப்பது, ஒன்றும் புரியாமல் வராந்தாவில் நின்று அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த இளம்பிள்ளைத் தறிக்கார அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்த எக்ஸ்ரே கவரை வாங்கி, அதன் மேலேயே வரிசையாக எழுதினார். ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ். அப்புறம் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று. அப்புறம் கலெக்டர் ஆபீசில் போட்டோ, காப்பீட்டு நம்பர். அப்புறம் அந்த நம்பரோடு ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவு. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல அவர்தான் வந்தார். நான் மலையேறிப் போய் வந்த அந்த ஒரு நாள் முழுக்க, அவர் வீட்டு அக்கா தன் பிள்ளைக்குக் கரைத்த கஞ்சியில் பாதியை என் அப்பாவுக்கு ஊட்டியிருக்கிறார். போன அன்றே கையெழுத்துப் போட்டுத் தந்த எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் நன்றி. அந்த எக்ஸ்ரே கவர் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

இரவுப் பணி சிஸ்டர் ஒருவர். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாவம், வலிக்குமே என்று அதைத் தூக்கிப் பிடிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார், திட்டவில்லை. "இது தரையிலயும் படக்கூடாது, கட்டில்லயும் படக்கூடாது கண்ணு. தொங்கிக்கிட்டே இருந்தாத்தான் எலும்பு இழுத்து நிக்கும்" என்றார். கால்விரலை அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், மரத்துப்போனால் உடனே கூப்பிட வேண்டும், குதிகால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் நான் அப்பா பக்கத்தில் பயமில்லாமல் உட்கார்ந்தேன்.

எலும்புக்குள் கம்பி வைத்து நிமிர்த்திய டாக்டர்களுக்கும், விடியும் முன்பே வார்டைக் கழுவிவிடும் அம்மாக்களுக்கும், ஒரு ரூபாய் இட்லியில் எங்கள் வயிற்றை நிறைத்த அம்மா உணவகத்துப் பெண்களுக்கும் எங்கள் கும்பிடு.

கடைசியாக ஒருவர். தொடை எலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் போய்விடுமாம். அப்பாவுக்கு ஓ நெகட்டிவ். அதே வகையைத் தவிர வேறு எதுவும் சேராது. யார் யாருக்கோ போன் போய், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலிருந்து ஒரு தம்பி பாதி வேலையில் எழுந்து வந்தார். விரல்களில் மெருகுக் கறுப்பு, மணிக்கட்டில் பற்றவைத்த நெருப்புத் தழும்பு. ரத்தம் கொடுத்தார், ஒரு டீ குடித்தார், பஸ்ஸுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள்: அன்றைக்கு அப்பா ஏறிய அதே கொடியின் மிளகு, வெயிலில் காயவைத்து ஒரு படி, அவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.